அடிப்புறத்தின் தேய்மானம்



கடையில் ஒரு வண்டியை விலை பேசுகிறவன் அதன் முகத்தைப் பார்ப்பான், வண்ணத்தைப் பார்ப்பான், சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பான். குனிந்து அதன் வயிற்றுப்புறத்தைப் பார்ப்பவன் அரிது. சந்தையில் மாடு பிடிக்கப் போகும் எங்கள் ஊர் விவசாயி அப்படிப்பட்டவர் அல்லர். பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார். பிறகு காலைத் தூக்கச் சொல்லிக் குளம்பையும் பார்த்த பின்புதான் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசத் தொடங்குவார். தரையோடு உறவாடும் பாகம் எதுவோ, அதுதான் முதலில் கெடும் என்பது அவருக்குத் தெரியும்.

நான் விழுப்புரத்தில் குடியிருப்பவன். திண்டிவனத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பவன். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அந்த 40 கிலோமீட்டரையும் நாள்தோறும் பஸ்ஸில் கடக்கும் எனக்கு, சாலையின் இருபுறமும் கிடக்கும் செம்மண்ணும் சரளையும் நெடுநாள் வரையில் வெறும் காட்சியாகவே இருந்தன. அவற்றின் கொடுமையை எனக்குக் கற்பித்தது என் தமக்கை மகன் செய்த ஒரு சிறு கார். கையில் ஒரு பெட்டியை வைத்துக் கொண்டு தூரத்திலிருந்தே ஓட்டுகிறார்களே, ரிமோட் கார், அதைத்தான் சொல்லுகிறேன்.

இந்த வகை வண்டியின் மூதாதை ஒரு படகு. 1898-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் நிகோலா டெஸ்லா என்ற விஞ்ஞானி ஒரு தொட்டியில் தண்ணீரை நிரப்பி, அதில் ஒரு சிறு படகை மிதக்க விட்டு, கம்பி ஏதுமின்றி வானொலி அலைகளாலேயே அதைத் திருப்பிக் காட்டினார். என் குரலை இப்போது உங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்க்கும் அதே அலைக் குடும்பந்தான். நீளம் மட்டுமே வேறு. இன்று பெரும்பாலான ரிமோட் கார்களுக்குக் கட்டளை கொண்டு செல்லும் அலையின் நீளம் ஒரு சாண்கூட இராது, பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். டெஸ்லாவின் படகுக்கு அடிப்புறத் தேய்மானம் என்ற கவலை இல்லை. கவலை, வண்டி தரைக்கு ஏறிய பிறகு வந்தது. 1960-களில் இத்தாலியிலும், 1976 முதல் ஜப்பானின் டாமியா நிறுவனத்தாலும் இத்தகைய கார்கள் கடைக்கு வந்து, பிள்ளைகள் அவற்றை மண்ணிலும் மேட்டிலும் பாய விட்டார்கள். பாய்ந்தது விழத்தானே வேண்டும்?

என் மருமகனும் அவன் தோழர்கள் இருவரும் சேர்ந்து தங்கள் காரைத் தாங்களே கட்டினார்கள். பழைய இரும்புக் கடையில் எடுத்த ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடுதான் அடித்தட்டு. ‘சேசிஸ்’ என்று நீங்கள் சொல்லுவது இதுவே. மோட்டார், மின்கலம், சக்கரங்களின் கைகள், எல்லாம் இத்தட்டின் மேல் அடியிலிருந்து திருகாணிகளால் முடுக்கப்பட்டிருந்தன. திருகாணிகளின் தலைகள் தட்டோடு சமமாகப் பதியும்படி குழி குடைந்திருந்தார்கள். பார்வைக்கு அழகான வேலை. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் வற்றிக் கிடந்த ஏரிக்குள் அந்தக் கார் ஓடியது, குதித்தது, குட்டிக்கரணம் போட்டது.

ஒரு மாலை அவன் காரை இரு கைகளாலும் ஏந்திக் கொண்டு என்னிடம் வந்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

“மாமா, பாட்டரி வீங்குகிறது. கழற்றலாம் என்றால் திருகு சுற்றுகிறதே ஒழிய வெளியே வரவில்லை” என்றான்.

திருப்பிப் பார்த்தேன். தட்டின் அடிப்புறம் அம்மி கொத்தியது போல் இருந்தது. மின்கலத்தைப் பிடித்துக் கொண்டிருந்த நான்கு திருகாணிகளின் தலைகளும் தேய்ந்து, ஆலன் சாவி நுழையும் அறுகோணக் குழி வெறும் வட்டப் பள்ளமாகியிருந்தது. சாவி பிடிக்க இடமே இல்லை. போதாக்குறைக்கு, ஏதோ ஒரு கல் தட்டை உள்நோக்கிக் குத்தியிருக்கிறது. அந்தப் பிதுக்கம் லித்தியம் பாலிமர் மின்கலத்தின் மூலையை அழுத்திக் கொண்டிருந்தது. இவ்வகை மின்கலத்துக்கு இரும்புக் கூடு கிடையாது. மெல்லிய உறை மட்டுமே. உள்ளே நேர்த் தகடும் எதிர்த் தகடும் தாளினும் மெல்லிய ஒரு சவ்வால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சவ்வு கிழிந்தால் இரண்டும் சேரும்; சேர்ந்தால் தீ. அந்தத் தீயை ஊதி அணைக்க முடியாது.

காரை முற்றத்து மணலில் வைத்து மின்கலத்தின் இணைப்பை உருவினோம். பிறகு ஓர் இரும்பு வாளியில் மணலைப் பரப்பி அதன்மேல் காரை வைத்து, பக்கத்துத் தெருவிலிருந்த லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றோம். நான் படித்தவன் அல்லவா? “கிரைண்டரால் தலைகளைச் சீவிவிடுங்கள்” என்று யோசனை சொன்னேன். பட்டறைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “சார், பொறி பறக்குமே” என்றார். கையால் சுற்றும் துளைப்பானை எடுத்தார். ஒவ்வொரு தலையிலும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மெதுவாக, மிக மெதுவாகத் துளைத்தார். தலை கழன்று விழும். தண்டு உள்ளேயே நிற்கும். நான்கு தலைகளும் விழ முக்கால் மணி நேரம் பிடித்தது. அந்த முக்கால் மணி நேரமும் மருமகன் வாளியருகிலிருந்து அசையவில்லை. கலம் வெளியே வந்து மணல் வாளிக்குள் போன பிறகுதான் எங்கள் மூவருக்கும் மூச்சு வந்தது.

அன்றிரவு நான் யோசித்த கேள்வி இதுதான்: இரண்டே மாதத்தில் உலோகத் தட்டை இப்படிக் குதறிவிட நம்முடைய மண்ணுக்கு எங்கிருந்து வந்தது அத்தனை வலிமை?

விடை நம் ஊர்ப் பாறையில் இருக்கிறது. செஞ்சிக் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய கருங்கல் வெயிலிலும் மழையிலும் சிதையும்போது, அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் நாளடைவில் களிமண்ணாகிவிடும். சிதையாமல் மிஞ்சுவது குவார்ட்ஸ். தென்பெண்ணை ஆற்று மணலில் பளபளப்பது பெரும்பாலும் அதுதான். ஏரித் தரையில் நறநறப்பதும் அதுதான். ஃபிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1812-இல் கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். அந்த வரிசையில் குவார்ட்ஸுக்கு 7. அலுமினியத்துக்கோ 3-கூட இல்லை. திண்டிவனத்திலிருந்து சற்று விலகித் திருவக்கரைக்குப் போனால், 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாய்ச் சமைந்து கிடப்பதைக் காணலாம். மரத்தின் உடலெங்கும் அதே சிலிகா புகுந்து கொண்டது. அங்கே கத்தியால் கீறிப் பார்க்காதீர்கள். அது காப்பில் உள்ள இடம், அன்றியும் கத்திதான் மழுங்கும்.

ஆகவே ஒவ்வொரு மணலும் ஓர் உளி. ஒன்றரை கிலோ எடையுள்ள கார் அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 3 மீட்டருக்குச் சற்று மேல். சுருள்வில்கள் அமுங்கித் தீர்ந்ததும் தட்டு தரையில் அறைகிறது. அறைந்தபடியே முன்னால் வழுக்குகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆர்ச்சர்ட் என்பவர் 1953-இல் தேய்மானத்துக்கு ஒரு விதி வகுத்தார். தேய்ந்து போகும் பொருளின் அளவு, அழுத்தும் பாரம் கூடினால் கூடும். உராயும் தூரம் கூடினால் கூடும். பொருளின் கடினம் கூடினால் குறையும். பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

இவ்விதியைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றும்? கடினமான பொருளால் அடிப்புறத்தைப் போர்த்திவிட்டால் போயிற்று என்று தோன்றும். எனக்கும் அப்படியே தோன்றியது. அலுமினியத்துக்கு மின்முறையில் ஆக்சைடுப் பூச்சு ஏற்றுவார்கள். அந்த ஆக்சைடு அலுமினியத்தைவிட மிகக் கடினமானது. ஆனால் சாதாரணப் பூச்சின் பருமன் தலைமயிரின் பருமனில் பாதிகூட இராது. கீழே இருப்பதோ மெத்தென்ற அலுமினியம். மெத்தையின் மேல் முட்டை ஓட்டைப் பரப்பினால் எப்படியோ அப்படி, முதல் கல்லிலேயே பூச்சு நொறுங்கிவிடும். எஃகுத் தகட்டை அடியில் வைக்கலாமா? ஒரு கணக்குப் போடுங்கள். 30 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், அரை மில்லிமீட்டர் பருமன்: எஃகானால் ஏறக்குறைய 118 கிராம், அலுமினியமானால் 40 கிராம், பாலிதீனானால் 14 கிராம். ஒன்றரை கிலோ வண்டிக்கு 118 கிராம் சிறு சுமையன்று.

அப்போதுதான் என் காலைப் பார்த்தேன். காலில் இருந்தது ரப்பர்ச் செருப்பு. எங்கள் பக்கத்தில் பழைய லாரி டயரை அறுத்துச் செருப்புத் தைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. வயலிலும் வரப்பிலும் அதைப் போட்டுக் கொண்டு வருஷக் கணக்கில் நடந்தவர்களை நான் அறிவேன். ரப்பரை நகத்தால் அழுத்தினாலே அமுங்குகிறது. அப்படியிருக்க அது எவ்வாறு மணலைத் தாங்குகிறது? அமுங்குவதால்தான் தாங்குகிறது. மணல் குத்தும்போது ரப்பர் இடம் கொடுக்கிறது. மணல் உருண்டு விலகியதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அலுமினியம் இடம் கொடுத்தால் கொடுத்ததுதான். கீறல் கீறலாகவே நிற்கும். எனவே ஆர்ச்சர்டின் விதி உலோகத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது; நெகிழும் பொருள்களுக்குக் கடினத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் ஏமாந்து போவோம். மிக நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட ஒருவகைப் பாலிதீன் இருக்கிறது. செயற்கை மூட்டுகளில் எலும்புக்குப் பதிலாக உராய்வதும் அதுதான். சுரங்கங்களில் தாது சறுக்கி வரும் தொட்டிகளுக்கு உட்போர்வை ஆவதும் அதுதான்.

எனினும் பாலிதீனில் ஒரு சங்கடம். எண்ணெய்க் கேனை அறுத்து அடியில் ஒட்டினான் மருமகன். மறுநாள் கேன் துண்டு ஏரியில், கார் வீட்டில். பாலிதீனின் மேற்பரப்பில் எந்தப் பசையும் எளிதில் பற்றாது. தாமரை இலையில் தண்ணீர் போலத்தான். அதைத் திருகாணியால்தான் பிடிக்க வேண்டும். அல்லது ஒட்டும் பக்கத்தைத் தொழிற்சாலையிலேயே பக்குவப்படுத்திய நாடாவாக வாங்க வேண்டும். அவன் கடைசியில் போய்ச் சேர்ந்தது விழுப்புரத்தில் வண்டிகளுக்கு எண் பலகை எழுதும் ஒரு ஸ்டிக்கர் கடைக்கு. புதுக் கார்களின் வண்ணம் கெடாதிருக்க ஒட்டுகிறார்களே, ஒளி ஊடுருவும் பாலியூரிதேன் தாள், அதன் வெட்டுத் துண்டுகளைக் கடைக்காரர் சும்மாவே கொடுத்தார். பருமன் 0.2 மில்லிமீட்டர் இருக்கும். ரப்பர் போல் நெகிழும். பசை கெட்டியாகப் பிடிக்கும்.

ஒட்டுவதில் ஒரு முறை உண்டு. அவசரக்காரர்கள் முதல் நாளே புதுத் தட்டில் ஒட்டிவிடுவார்கள். நான் அவனிடம் சொன்னது: முதலில் ஓட்டு, பிறகு ஒட்டு. நாலு நாள் ஓடிய தட்டைத் திருப்பிப் பார்த்தால் அது ஒரு நாட்குறிப்பு. நீளவாக்கில் கோடுகள் இருந்தால் வண்டி வழுக்கியிருக்கிறது. சிறு குழிகள் இருந்தால் கல் குத்தியிருக்கிறது. குறுக்குக் கோடுகள் இருந்தால் ஓட்டியவர் திருப்பத்தில் கவிழ்த்திருக்கிறார், அவர் மறுத்தாலும். எங்கள் காரில் மூக்கின் அடியும் மோட்டாருக்குக் கீழான வால்புறமுமே மிகுதியாகத் தேய்ந்திருந்தன. அங்கே இரண்டு அடுக்கு, மற்ற இடத்தில் ஒன்று.

ஒட்டும் முன் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பசை சிறிதும் ஆகாது. தாளை ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்த வேண்டும். இரு துண்டுகள் சேருமிடத்தில் முன் துண்டின் ஓரம் பின் துண்டின்மேல் படிய வேண்டும். கூரைக்குக் கீற்று வேய்கிறவர் மேல் வரிசையைக் கீழ் வரிசையின்மேல் படிய விடுகிறார் அல்லவா? அங்கே மழைக்காக, இங்கே மண்ணுக்காக. மாற்றி ஒட்டினால் மண் அந்த இடுக்கில் புகுந்து, தாளுக்கும் தட்டுக்கும் நடுவே அரைக்கத் தொடங்கும். அதைவிட ஒட்டாமலிருப்பதே மேல். மரக்காணம் உப்பளப் பக்கம் போய் ஓட்டினால் இன்னொரு கேடும் உண்டு: தாளின் அடியில் புகுந்த உப்புநீர் வெளியே தெரியாமல் அலுமினியத்தை அரிக்கும்.

கார்பன் நாரிழைத் தட்டு வைத்திருக்கும் வசதியுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அது தேயும்போது கிளம்பும் கரிய தூள் மின்சாரத்தைக் கடத்தும், மூச்சுக்கும் நல்லதன்று. ஓரங்களில் ஃபெவிக்விக் போன்ற பசையை மெல்லத் தடவி ஊற விட்டால் நாரிழை பிரியாது.

இனித் திருகாணித் தலைகள். வந்த ஆபத்து முழுவதும் அவற்றால் வந்தது அல்லவா? குதிரை லாடத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பல லாடங்களின் அடிப்புறத்தில் வளைவைத் தொடர்ந்து ஒரு சிறு வாய்க்கால் ஓடும். ஆணித் தலைகள் அந்த வாய்க்காலுக்குள் தாழ்ந்து உட்கார்ந்திருக்கும். லாடம் தேயலாம், அதற்காகத்தான் அது இருக்கிறது. ஆணித் தலை தேய்ந்தால் லாடமே கழன்று போகும். எங்கள் தட்டில் குழிகள் ஆழமில்லாதவை. தலைகள் தட்டோடு சமமாக நின்றன, எனவே தட்டோடு சேர்ந்து தேய்ந்தன. இம்முறை 3 மில்லிமீட்டர்த் தகடு எடுத்து, குழியைச் சற்று ஆழமாகக் குடையச் சொன்னேன். அடிக்கடி கழற்றாத திருகுகளின் மேல் தாள் மூடிக் கிடக்கிறது. அடிக்கடி கழற்ற வேண்டிய மின்கலத் திருகுகளுக்கு மட்டும் தாளில் துளை; அக்குழிகளில் மெழுகுவத்தியை உருக்கி ஒரு சொட்டு. மண் புகாது, வேண்டும்போது ஊசியால் நெம்பினால் மெழுகு வந்துவிடும். பிறகு, கலத்தை அடியிலிருந்து பிடிப்பதையே விட்டுவிட்டு மேலிருந்து பட்டையால் கட்டலாமே என்று மருமகனே ஒரு நாள் கேட்டான். முதலிலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை அது. அப்படியே செய்தோம்.

தரையைத் தொடாமலே இருந்துவிட்டால் இத்தனையும் வேண்டாமே என்று கேட்பீர்கள். உண்மைதான், வண்டியை உயர்த்தலாம். உயர்த்தினால் திருப்பத்தில் கவிழும். நமக்குத் தெரிந்த ஒரு வண்டி அடிப்புறம் தரையில் படாமலே ஓடி முடித்தது. 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3 கொண்டு சென்ற ‘பிரக்யான்’ ஊர்தி, 26 கிலோ எடையும் ஆறு சக்கரமும் கொண்டது. அதுவும் வானொலி அலையால் கட்டளை பெறும் வண்டியே. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் எங்கள் விழுப்புரத்துக்காரர். ரயில்வே ஊழியரின் மகன். இறங்கிய நாலாம் நாள் ஊர்திக்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று தென்பட்டது. பள்ளத்தைத் தாண்டிப் பார்க்கலாம் என்று எவரும் ஆசைப்படவில்லை. வந்த வழியே திரும்பச் சொன்னார்கள். மொத்தம் 100 மீட்டருக்குச் சற்று மேல் ஓடியது. செவ்வாயில் 2012-இல் இறங்கிய அமெரிக்க ‘கியூரியாசிட்டி’ ஊர்தியின் கதை வேறு. அதன் அலுமினியச் சக்கரங்களின் தோல் முக்கால் மில்லிமீட்டர்தான். மறு வருஷமே கூர்ங்கற்கள் அதில் ஓட்டைகள் போட்டிருப்பதைக் கண்டார்கள். 2021-இல் அடுத்த ஊர்தி போனபோது சக்கரத்தின் தோலைத் தடிப்பாக்கினார்கள். முந்திய ஊர்திக்கோ, கற்கள் குறைந்த வழியாகப் பார்த்துப் பார்த்து ஓட்டுவது ஒரு மருந்தாயிற்று.

எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஏரி அருகில் இருக்கிறது; ஸ்டிக்கர் கடைக்காரரும் இருக்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை மருமகன் பழைய தாளை உரித்து என்னிடம் காட்டினான். தாள் முழுவதும் கீறல், மூக்குப் பக்கம் ஓரிடத்தில் கிழிசல். தட்டில் அந்தக் கிழிசலுக்கு நேரே நெல்மணி அளவுக்கு ஒரு வடு. ஒட்டிய தேதியைத் தாளின் உட்புறத்தில் எழுதி வைத்திருந்தான். ஐந்து வாரம் உழைத்திருக்கிறது. புதிதாக ஒட்டியிருப்பது நான்காவது தாள். மூக்குக்கு இம்முறை மூன்று அடுக்கு.